சியோலுக்கும் டோக்கியோவுக்கும் ஒரே உறையில் ஒரு மடல்

சியோலிலும் டோக்கியோவிலும் பஸ்ஸும் ரயிலும் எப்போது, எப்படி ஓடவேண்டும் என்று முடிவெடுக்கிற அனைவருக்கும்,

வணக்கம்.

இரண்டு ஊருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் சியோலைப் பற்றிச் சொல்ல நினைப்பதெல்லாம் டோக்கியோவைப் பார்த்த பிறகு தோன்றியவை. டோக்கியோவில் பட்ட வியப்பும் வருத்தமும் சியோலிலிருந்து போனதால் வந்தவை. அதனால்தான் ஒரே உறை. யார் முதலில் பிரிப்பது என்று உங்களுக்குள் தகராறு வேண்டாம். இருவருக்கும் தெரியாத மொழியில்தான் எழுதியிருக்கிறேன்.

நான் ஒரு பஸ் பணிமனையில் முப்பத்தோரு ஆண்டுகள் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிடம் தாமதம், யாரால் தாமதம் என்று பேரேட்டில் எழுதுவதுதான் பிழைப்பு. மகள் சியோலில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன சாக்கில் நானும் மனைவியும் பன்னிரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு, கிம்போவில் விமானம் ஏறி ஹனேடாவில் இறங்கி, ஒன்பது நாள் டோக்கியோவில் தங்கினோம். அரண்மனை, கோயில், கோபுரம் எல்லாவற்றையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. கொரிய மொழியிலும் அம்மா அப்பா இருக்கிறார்கள் என்ற கண்டுபிடிப்பையும் நான் சொல்லப்போவதில்லை. உங்கள் ஊருக்கு வருகிற ஒவ்வொரு தமிழனும் அதை ஒருமுறை சொல்லியிருப்பான். பஸ் நிறுத்தத்திலும் நடைமேடையிலும் நின்று பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சியோலில் முதல் நாள் காலை. நிறுத்தத்திலிருந்த மின்பலகை, எந்த வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்பதோடு உள்ளே கூட்டம் எப்படி என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தது. சொன்ன நிமிடத்தில் நீல வண்டி வந்தது. நான் முன்வாசலில் ஏறி அட்டையைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். பின்னால் மனைவி, அவளுக்கு முழங்கால் வலி. கருவியிலிருந்து அவள் கையை எடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மூன்று எட்டு தள்ளாடிப்போய், உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் தோளைப் பற்றிக்கொண்டாள். பாட்டி கோபிக்கவில்லை. மனைவியின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்து, இருக்கையின் முதுகில் இருந்த பிடியில் வைத்து, இரண்டு முறை அழுத்திவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு சொல்கூடப் பேசாமல் பாடம் முடிந்தது.

இறங்குவது அதைவிடப் பெரிய கலை. நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து, ஓடும் வண்டியில் பின்வாசலுக்குப் போய், அட்டையைத் தொட்டுவிட்டுக் கதவைப் பார்த்து நிற்கவேண்டும். நின்ற பிறகு எழுந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தால் அடுத்த நிறுத்தம்தான். எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஒரு கையில் கைத்தடியும் மறு கையில் கம்பியுமாக, படகில் நடப்பவர்போலச் சாய்ந்து சாய்ந்து பின்வாசலுக்குப் போனார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தினமும் நடக்கிற காரியம் போலிருக்கிறது.

டோக்கியோவில் மனைவி முதன்முதலாகப் பஸ் ஏறியபோது நான் அவளுக்குப் பின்னால் நின்று முதுகைத் தாங்கிக்கொண்டேன். தேவையே இருக்கவில்லை. முன்வாசலில் ஏறியதும் 210 யென். எங்கே இறங்கினாலும் அதே கட்டணம், நடுவாசலில் இறங்கும்போது அட்டையைத் தொடும் வேலையும் கிடையாது. ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் இருக்கை தேடி உட்காரும்வரை வண்டி அசையவில்லை. பிறகு, கிளம்புகிறோம், பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். இறங்குமிடம் நெருங்கியபோது மனைவி சியோல் பழக்கத்தில் எழுந்தாள். வண்டி நின்ற பிறகு எழுந்திருக்கும்படி அதே குரல் கேட்டுக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

பழக்க தோஷம், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். அவள் ஏறி உட்கார்ந்து வண்டி நகர்வதற்கு ஆன நேரம் பதினோரு விநாடி.

சியோல்காரர்களே, இந்தப் பதினோரு விநாடியைப் பற்றித்தான் உங்களிடம் பேசவேண்டும். அதற்கு முன், குறை சொல்லியே தொடங்கிவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். 2004 ஜூலை 1 அன்று நீங்கள் செய்த காரியத்தை நினைத்தால் என் போன்றவனுக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. நகரத்தின் தட எண்கள் அத்தனையையும் ஒரே இரவில் மாற்றினீர்கள். நெடுந்தடத்துக்கு நீலம், உள்ளூர் இணைப்புக்குப் பச்சை, புறநகருக்குச் சிவப்பு, மையத்தைச் சுற்றிவருவதற்கு மஞ்சள் என்று வண்டிகளுக்கு நிறம் பிரித்தீர்கள். பெரிய சாலைகளின் நடுவே பஸ்ஸுக்கென்று தனிப் பாதை போட்டீர்கள். எண்ணைப் பார்த்தாலே வண்டியின் ஜாதகம் தெரிகிறது: 146 என்றால் 1-ஆம் வட்டாரத்தில் புறப்பட்டு 4-ஆம் வட்டாரத்துக்குப் போவது, 6 அதன் வரிசை எண். எங்கள் பணிமனையில் இரண்டே இரண்டு தடங்களின் எண்ணை மாற்றியதற்கு மூன்று மாதம் வசவு வாங்கியவன் நான். நீங்களும் வாங்கினீர்கள். முதல் நாளே அட்டைக் கருவிகள் படுத்துக்கொண்டன. அப்போதைய மேயர் லீ மியுங் பாக் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பின்வாங்கவில்லை.

அதன் பலனை எங்கள் காதால் கேட்டோம். ரயிலிலிருந்து இறங்கி அரை மணி நேரத்துக்குள் பஸ் ஏறி அட்டையைத் தொட்டால், கருவி ஒரு பெண் குரலில் 'ஹ்வான்சுங்' என்கிறது. மாறுதல் பயணம் என்று பொருள்; புதிதாக அடிப்படைக் கட்டணம் கிடையாது, மொத்தத் தூரத்துக்கு மட்டும்தான் காசு. இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த அரை மணி ஒரு மணி நேரமாகிறது. நான்கு முறை வரை மாறலாம். மனைவி கற்றுக்கொண்ட முதல் கொரியச் சொல் அதுதான். அது காதில் விழாத அன்று, காசு போய்விட்டது என்று என்னைப் பார்ப்பாள்.

டோக்கியோவுக்கு வந்ததும் அவள் அந்தச் சொல்லைத் தேடினாள். இங்கே சுரங்க ரயில் இரண்டு குடும்பத்துச் சொத்து. டோக்கியோ மெட்ரோவுக்கு 9 தடங்கள், பெருநகர அரசின் தொயேய் நிறுவனத்துக்கு 4 தடங்கள். ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறினால் இன்னொரு அடிப்படைக் கட்டணம். சேர்த்துக் கணக்கிடும்போது 70 யென் தள்ளுபடி தருகிறீர்கள். பஸ்ஸும், ஜே.ஆர். என்ற வேறு நிறுவனத்தின் ரயிலும் இந்தக் கணக்கிலேயே வராது. குடான்ஷிதா நிலையத்தில் இரண்டு நிறுவனங்களின் நடைமேடைகளுக்கு நடுவே ஒரு சுவர் இருந்ததாம். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் ரயிலைப் பிடிக்கப் பயணி படியேறி, வாயில் தாண்டி, மறுபடி படியிறங்கவேண்டும். 2013 மார்ச்சில் அதை இடித்தீர்கள். நான் அந்த நடைமேடையில் போய் நின்று பார்த்தேன். இங்கே ஒரு சுவர் இருந்தது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். பங்காளிகள் வேலியை எடுத்துவிட்டார்கள், பத்திரத்தை மட்டும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். 2024-இல் டோக்கியோ மெட்ரோ பங்குச் சந்தைக்கும் போய்விட்ட பிறகு அந்தப் பத்திரம் ஒன்றாகுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கட்டணத்தையாவது ஒன்றாக்கலாமே. அதற்குச் சுவர் இடிக்கவேண்டியதில்லை.

குப்பையைப் பற்றி ஒரு சொல், உங்கள் துறை இல்லை என்றாலும். இரண்டு ஊரிலும் தெருவில் குப்பைத்தொட்டி அரிது. இரண்டிலும் கதை 1995-இல்தான் தொடங்குகிறது. அந்த ஜனவரியில் கொரியா, குப்பையின் அளவுக்கேற்பக் காசு என்று சட்டம் போட்டது. வட்டாரத்தின் பெயர் அச்சிட்ட பையைக் கடையில் வாங்கி அதில்தான் கட்டிவைக்கவேண்டும். காசை மிச்சம் பிடிக்க மக்கள் வீட்டுக் குப்பையைத் தெருத்தொட்டியில் போட்டார்கள், நீங்கள் தொட்டியை எடுத்தீர்கள். அதே ஆண்டு மார்ச் 20 அன்று டோக்கியோவில் மூன்று தடங்களில் ஐந்து ரயில்களில் சாரின் விஷவாயுவை விட்டார்கள். அதன் பிறகு, எதையும் ஒளித்துவைக்க முடிகிற பாத்திரம் என்று தொட்டியின்மேல் சந்தேகம் விழுந்தது. ஒன்று கணக்குப் பார்த்து எடுத்தது, மற்றது பயந்து எடுத்தது. எங்களைப் பொறுத்தவரை விளைவு ஒன்றுதான். சோற்றுருண்டை சுற்றிய தாள், பால் டப்பா, வாழைப்பழத் தோல் எல்லாம் மாலைவரை மனைவியின் கைப்பையில் இருந்தன. "ஊர் பார்க்கக் கூட்டிவந்தீர்களா, குப்பை சுமக்கக் கூட்டிவந்தீர்களா?" என்று கேட்டாள். இரண்டு ஊரிலும் கேட்டாள்.

இனி இரவு. எங்கள் தொழிலில் கடைசி வண்டிக்குத் தனி மரியாதை உண்டு. முதல் வண்டி தாமதமானால் பயணி திட்டுவார், அவ்வளவுதான். கடைசி வண்டி போய்விட்டால் மனிதர் நடுத்தெருவில் நிற்பார். கடைசி வண்டியை ஒரு நிமிடம்கூட முன்னதாக எடுக்க நான் விட்டதில்லை.

டோக்கியோவில் கடைசி ரயிலை விட்டது என் தவறு, வேறு யாருடையதும் அல்ல. முதல் ரயில் இருந்தது. பாதி வழியில் மாறவேண்டிய இரண்டாவது ரயிலுக்குக் கடைசி நேரம் வேறு என்பதைப் பார்க்காமல் விட்டேன். நள்ளிரவு தாண்டி, ஒரு நிலையத்தில் ஊழியர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டபடியே எங்களை வெளியே அனுப்பிவிட்டு, பின்னால் இரும்புக் கதவை இறக்கினார். மன்னிப்பைக் கேட்டுக்கொண்டு தெருவில் நின்றோம். எங்களோடு வெளியேறிய ஓர் இளைஞர் எந்தப் பதற்றமும் இல்லாமல் எதிரே இருந்த இணையக் கூடத்தின் மாடிப்படியில் ஏறிப்போனார். முதல் ரயில்வரை அங்கேதான் தூக்கம்போல. நாங்கள் டாக்சி பிடித்தோம். இரவு பத்து மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். மீட்டரைப் பார்க்கவேண்டாம் என்று மனைவி என் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினாள்.

டோக்கியோ பெரியவர்களே, நீங்கள் இரவு பஸ் விட்டுப் பார்த்ததை நான் அறிவேன். 2013 டிசம்பரில் ரொப்போங்கியிலிருந்து ஷிபுயாவுக்கு, வெள்ளி இரவுகளில் மட்டும். ஓராண்டு முடிவதற்குள், 2014 அக்டோபரோடு நிறுத்திவிட்டீர்கள். ஆள் ஏறவில்லை என்றீர்கள். எப்படி ஏறுவார்கள்? ரொப்போங்கியில் ரயில் இல்லாமல் நின்றவரை ஷிபுயாவில் கொண்டுபோய் ரயில் இல்லாமல் நிற்கவைத்தால் அதற்கு எதற்குக் காசு? அவருடைய வீடு இன்னும் பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி அல்லவா இருக்கிறது. இந்தத் திட்டத்தை முன்னின்று கொண்டுவந்த ஆளுநர் இனோசே நவோகி, வண்டி ஓடத்தொடங்கிய அதே மாதத்தில் வேறொரு பண விவகாரத்தில் பதவி விலகினார். அதன் பிறகு அந்தப் பஸ்ஸுக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை.

அதே 2013-இல் சியோல் என்ன செய்தது என்று பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு ஊரில் யார் எங்கிருந்து செல்பேசியில் பேசுகிறார்கள், அவர்களுடைய வீடு எந்தப் பக்கம் என்று ஒரு தொலைபேசி நிறுவனத்திடமிருந்து சுமார் 300 கோடி அழைப்புகளின் விவரத்தை வாங்கி, வரைபடத்தில் பரப்பிப் பார்த்தார்கள். கூட்டம் எங்கே இருக்கிறது, அது எங்கே போகவேண்டும் என்பது தெரிந்த பிறகு கோடு இழுத்தார்கள். இரண்டு தடங்களில் வெள்ளோட்டம்; அந்த ஆண்டே ஒன்பது தடங்கள். ஆந்தை பஸ் என்று பெயர். ஊரின் ஒரு கோடியில் எடுத்து, நடு நகரத்தைக் கிழித்துக்கொண்டு மறு கோடிக்குப் போகிறது. பேரேட்டில் கிடைக்காத பயணியைக் கணக்கெடுப்பது எப்படி என்று நான் முப்பத்தோரு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அதுதான் பதில்.

மகளோடு ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அதில் ஏறினேன். மனைவி வரமாட்டேன் என்று தூங்கிவிட்டாள். இடமே இல்லை. குடித்துவிட்டு வருகிறவர்கள் இருப்பார்கள் என்று நினைத்தேன், சிலர் இருந்தார்கள். ஆனால் பாதிப்பேர் கறுப்புச் சட்டை போட்ட நடுவயது ஆண்கள். காதில் கருவி, கையில் செல்பேசி, கண் அதன் திரையிலேயே. குடித்தவர்களுடைய காரை அவர்கள் வீடுவரை ஓட்டிக்கொடுக்கும் கூலி ஓட்டுநர்கள் என்று மகள் சொன்னாள். ஊரான் காரில் போய் இறங்கிவிட்டு, அடுத்த சவாரிக்கு இந்தப் பஸ்ஸில் திரும்புகிறார்கள். என் பக்கத்தில் இருந்தவரின் செல்பேசி சிணுங்கியது. பார்த்தார், ஒரு பொத்தானை அழுத்தினார், வண்டி நிற்பதற்கு முன்பே பின்வாசலில் இருந்தார். அந்த ஊரில் யாரும் அவசரத்தைப் பிறவியிலேயே கொண்டுவரவில்லை, அது மேலிருந்து கீழே இறங்கிவருகிறது என்று அப்போது தோன்றியது.

விடியற்காலை 146-ஆம் எண் வண்டியின் முதல் நடையை 4:05-லிருந்து 3:50-க்கு முன்தள்ளியதையும் கேள்விப்பட்டேன், 2023 ஜனவரியில். கங்னமில் உள்ள அலுவலகங்களைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள், ஊழியர்கள் வருவதற்குள் வேலையை முடிக்கவேண்டும் என்பதற்காகக் கேட்டார்களாம். கொடுத்தீர்கள். பதினைந்து நிமிடத்தின் அருமை உங்களுக்குத் தெரிகிறது. அந்தத் தைரியத்தில்தான் பதினோரு விநாடியைக் கேட்கிறேன்.

அதற்கு முன்னால் ஓர் ஓடையும் ஒரு பாலமும்.

சியோலின் நடுவே ஓடும் சொங்யேசொன் ஓடையை மூடி, அதன் தலைமேல் உயர்மட்டச் சாலை கட்டியிருந்தீர்கள். 2003 ஜூலையில் இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபர் 1 அன்று 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டீர்கள். இருபத்தேழு மாதம். ஹான் நதியிலிருந்து இறைத்து ஊற்றும் தண்ணீர்தான், இயற்கை ஊற்று அல்ல என்று பழிப்பவர்கள் உண்டு. ஆனால் மாலையில் அலுவலகம் விட்டு வந்த ஒருவர், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அவருடைய காலுக்குத் தேவைப்படவில்லை. கீழ்ப்பக்கமாக வெகுதூரம் நடந்தால், பழைய சாலையின் தூண்கள் மூன்றை மட்டும் இடிக்காமல் விட்டிருப்பதைக் காணலாம். எதையும் தாங்காமல் மூன்று தூண்கள் தண்ணீரில் நிற்கின்றன. உங்கள் ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அங்கே கடைபோட்டிருந்த தெரு வியாபாரிகளுக்கு அது பிடித்த இடமாக இருக்குமா என்பது வேறு. அவர்களைத் தொங்தேமுன் விளையாட்டரங்குக்கு அனுப்பினீர்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கையும் இடித்து, கட்டடக் கலைஞர் சஹா ஹதித் வரைந்த வெள்ளி நிறக் கட்டடத்தை எழுப்பினீர்கள். வியாபாரிகள் மறுபடியும் மூட்டை கட்டினார்கள்.

டோக்கியோவின் நிஹோன்பாஷி பாலத்தின்மேல் நின்றபோது அந்த மூன்று தூண்களும் நினைவுக்கு வந்தன. 1911-இல் கட்டிய கல் பாலம். நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் தூரம் அளக்கத் தொடங்கும் புள்ளி அதன் நடுவில் இருக்கிறது. விளக்குத் தூணருகே சிறகு முளைத்த கிரின் என்ற வெண்கல விலங்கு, பறக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறது. எங்கே பறப்பது? தலைக்கு மேலே 1963-இல் ஒலிம்பிக்குக்காக அவசர அவசரமாகப் போட்ட விரைவுச் சாலையின் அடிவயிறு. ஆம், டோக்கியோவும் ஒருகாலத்தில் அவசரப்பட்ட ஊர்தான். இப்போது அதைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகும் வேலை நடக்கிறது. 1.8 கிலோமீட்டருக்கு 2020-இல் தொடங்கினீர்கள், 2040-இல் மேலே இருப்பதை அகற்றி முடிப்பீர்கள். இருபது ஆண்டுகள். கீழே சுரங்க ரயில், மேலே ஆறு, இரண்டுக்கும் நடுவே நுழையவேண்டும், ஒருநாள்கூடப் போக்குவரத்தை நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. சியோல் சாலையை வெறுமனே எடுத்தது, நீங்கள் இடம் மாற்றுகிறீர்கள்; அதுவும் புரிகிறது. ஆனாலும், பாலத்தில் என் அருகே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். 2040-இல் அவர் வானத்தைப் பார்ப்பாரா என்று மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன். எனக்கும் கழித்துப் பார்த்தேன்.

நடைமேடைக் கதவுகளுக்கு வருகிறேன். சியோலில் 2009 முடிவதற்குள் நகரச் சுரங்க ரயில் நிலையங்கள் அனைத்திலும் கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்கள். டோக்கியோவில் பெருநகர அரசின் நான்கு தடங்களிலும் அது முழுமையானது 2024-இல். வெவ்வேறு நிறுவனங்களின் ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் வருவதால் கதவுகள் பொருந்தவில்லை. கடைசியில், ரயில் கதவுகளில் க்யூஆர் கட்டங்களை ஒட்டி, மேலிருந்து கேமரா படித்து நடைமேடைக் கதவைத் திறக்கும்படி செய்தார்கள். ரயிலை மாற்றாமல் தாளை ஒட்டி முடித்த அந்தச் சிக்கனம் எங்கள் பணிமனை மெக்கானிக்குகளுக்கு மிகவும் பிடித்திருக்கும்.

ஆனால் நான் எழுத நினைத்தது வேறு. சியோலின் கூயி நிலையத்துக்குப் போய், 9-4 என்று எண்ணிட்ட கதவின் முன் நின்றேன். 2016 மே 28, சனிக்கிழமை மாலை, பழுதான அந்தக் கதவைச் சரிசெய்யத் தண்டவாளப் பக்கம் நின்ற 19 வயதுப் பையன் ரயில் மோதி இறந்தான். இரண்டு பேர் செய்யவேண்டிய வேலை, தனியாக அனுப்பப்பட்டிருந்தான். புகார் வந்த ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவன். பையில் கருவிகளோடு, சாப்பிட நேரமில்லாமல் வைத்திருந்த ஒரு கோப்பை ராம்யன் நூடுல்ஸ் இருந்தது. மறுநாள் அவனுக்குப் பிறந்தநாள். மக்கள் அந்தக் கதவை மறைக்கும் அளவுக்குச் சிறு சிறு காகிதங்களில் எழுதி ஒட்டினார்கள். பிறகு அந்தப் பணியாளர்களை நிரந்தர ஊழியர்களாக்கினீர்கள்.

நானும் நேரத்தைக் காட்டி ஆட்களை விரட்டியவன்தான். ஏழு நிமிடத் தாமதத்துக்கு எத்தனை ஓட்டுநர்களிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன். அவர்கள் அந்த ஏழு நிமிடத்தை அடுத்த நடையில் எங்கே, யாருடைய முழங்காலில் பிடித்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. 9-4 முன்னால் இரண்டு ரயில் வந்து போகும்வரை நின்றேன். கதவு சரியாகத் திறந்தது, சரியாக மூடியது.

டோக்கியோவில் ஷின் ஒகுபோ நிலையத்துக்கும் போனேன். கொரியக் கடைகள் நிறைந்த பகுதி. மனைவிக்கு அங்கே கிம்ச்சி வாசனை வந்ததும் ஊர் திரும்பியதுபோல இருந்ததாம், பன்னிரண்டு நாளில் அவ்வளவு சொந்தம். 2001 ஜனவரி 26 இரவு, குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் விழுந்த ஒருவரைத் தூக்க இரண்டு பேர் குதித்தார்கள். ஒருவர் லீ சூ ஹியோன், ஜப்பானிய மொழி படிக்க வந்திருந்த 26 வயதுக் கொரிய மாணவர். மற்றவர் செகினே ஷிரோ, 47 வயது ஜப்பானியப் புகைப்படக்காரர். ஒருவரையொருவர் அறியாதவர்கள். மூவரும் இறந்தார்கள். படிக்கட்டின் பக்கச் சுவரில் இரண்டு மொழிகளிலும் பொறித்த தகடு இருக்கிறது. மேலே நடைமேடையில் இப்போது தடுப்புக் கதவு இருக்கிறது.

சரி, கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

சியோலே, ஓட்டுநர்களைக் கண்டிக்கவேண்டாம். அவசரம் அவர்கள் காலில் இல்லை, நீங்கள் போட்டுக்கொடுக்கும் ஓட்ட நேரத்தில் இருக்கிறது. ஒரு நடையில் பத்து நிறுத்தங்களில் வயதானவர்கள் ஏறுகிறார்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு விநாடி வீதம் நூற்றுப்பத்து விநாடி. ஒரு நடைக்கு இரண்டு நிமிடம் கூட்டிப்போடுங்கள். பத்து விநாடி உங்களுக்கே மிச்சம்.

டோக்கியோவே, இரவு பஸ்ஸை மறுபடி விடுங்கள். இந்த முறை வீடுவரை விடுங்கள். எங்கே விடுவது என்று தெரியாவிட்டால் கேட்கத் தயங்கவேண்டாம், கணக்குப் போட்ட ஆட்கள் இரண்டு மணி நேரப் பறத்தலில் இருக்கிறார்கள். உங்களில் ஒருவர் இந்த வாரமே ஹனேடாவிலிருந்து கிளம்பி கிம்போவில் இறங்கலாம். ஆந்தை பஸ் இரவு பதினொன்றரை மணி வாக்கில் ஓடத் தொடங்கும். முன்வாசலில் ஏறுங்கள். ஏறியதும் எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்லமாட்டார்கள். இறங்கும்போது அட்டையைத் தொட மறக்கவேண்டாம்.

சியோலிலிருந்து போகிறவர் டோக்கியோ பஸ்ஸில் வண்டி நிற்கும்வரை எழுந்திருக்கவேண்டாம். ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு நேரக் காப்பாளர்